சும்மா ஒரு சுத்து

தூத்துக்குடியில் பல் மருத்துவர்கள் மயக்க ஊசியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். நாற்காலியில் சாய்ந்ததும் நோயாளியின் காதுக்குப் பின்னால் ஒரு செவிப்பூவை ஒட்டி, ‘சும்மா ஒரு சுத்து’ பாட்டைப் போட்டுவிட்டால் போதும். இரண்டு நிமிடம் நாற்பது விநாடிக்கு அந்த ஆள், போவது வேறு யாருடைய பல்லோ என்பதுபோல் வாயைத் திறந்துகொண்டு கிடப்பார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் வரிசை நகராதபோது இதே பாட்டு. தேர்வு அறைக்கு வெளியே இதே பாட்டு. பெண் பார்க்கும் வீட்டில் காபி வருவதற்கு முன் இரு தரப்பும் ஒருமுறை கேட்டுவிட்டு உட்கார்ந்தால் பேச்சு சுமுகமாக முடிகிறது என்றுகூடச் சொன்னார்கள். யார் எதற்கு ஒப்புக்கொண்டார்கள் என்பது மறுநாள் யாருக்கும் நினைவில்லை, அது வேறு விஷயம்.

பாடியது ‘உப்புமூட்டை’ என்னும் இசைக்குழு. குழு என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம், மொத்தமே மூன்று பேர். ரொசிட்டா கர்வாலோ பாடுவாள். இசக்கிராஜா பாட்டெழுதி கிதார் வாசிப்பான். பறை முதல் பால் கேன் வரை, தட்டினால் சத்தம் வருகிற எதையும் மைதீன் தட்டுவான். பதிவு வேலையும் அவனுடையதுதான். அப்பா முதுகில் ஏறிக்கொண்ட பிள்ளைக்கு இருக்கும் சுகம் தங்கள் பாட்டில் இருக்க வேண்டும் என்று இசக்கிராஜா வைத்த பெயர் அது. பாட்டும் அப்படித்தான் இருந்தது.

சும்மா ஒரு சுத்து, சுத்திட்டு வருவோம்,
பைய வச்சிட்டு வா, கைய வீசிட்டு வா,
கடல் எங்கயும் போயிராது, நாம போயிட்டு வருவோம்.

இவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள், செவிப்பூ இல்லாமல் கேட்டவர்கள்.

செவிப்பூ வந்து பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. பாடும்போது பாடகர் நெற்றியில் ஒரு பட்டை கட்டிக்கொள்வார். அந்த நேரத்தில் அவர் மனத்தில் ஓடுவதை அது குரலோடு சேர்த்துப் பதிந்துவிடும். அதற்கு மனத்தடம் என்று பெயர். செவிப்பூவை ஒட்டிக்கொண்டு கேட்பவருக்கு, பாட்டோடு பாடியவரின் மனமும் அப்படியே வந்து சேரும். அருமையான கண்டுபிடிப்பு என்று முதலில் எல்லாரும் கொண்டாடினார்கள். பிறகுதான் வினை ஆரம்பித்தது. பெரிய பக்திப் பாடகர் ஒருவர் உருகி உருகிப் பாடிய பதிகத்தைக் கேட்ட லட்சக்கணக்கான பக்தர்கள், மூன்றாவது அடியில் எழுந்து வாசலுக்குப் போய்த் தங்கள் காரைத் தேடினார்கள். பாடும்போது அவர் காரை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். காதல் தோல்விப் பாட்டொன்று வெளியான வாரம் பிரியாணிக் கடைகளில் இடம் கிடைக்கவில்லை. பாடியவருக்கு நல்ல பசி.

பொய்யாகப் பாட முடியாது என்றானதும் பாட்டுலகம் பாதியாகச் சுருங்கிவிட்டது. சோகப் பாட்டுக்குப் பஞ்சமில்லை, அது எல்லாரிடமும் இருந்தது. கிடைக்காமல் போனது கவலையில்லாத பாட்டுதான். எவ்வளவு துள்ளலாகப் பாடினாலும் அடியில் ஏதோ ஒன்று கிடந்து அரித்தது. மனத்தடத்தில் எவ்வளவு கவலை என்று நூற்றுக்கு அளந்து சொல்லும் கவலைமானியில் சராசரி சந்தோஷப் பாட்டு நாற்பது காட்டும். தூங்குகிற கைக்குழந்தையின் மனத்தடமே ஆறு. ‘சும்மா ஒரு சுத்து’ காட்டியது இரண்டு. கருவிதான் பழுது என்று நினைத்து, பாட்டை வெளியிட்ட நிறுவனத்தார் மூன்று கவலைமானிகளை மாற்றிப் பார்த்தார்கள். மூன்றும் இரண்டுதான் காட்டின.

நாடு முழுக்க ஒலித்த அந்தப் பாட்டை ஒரே ஒருவர் கேட்டுவிடக் கூடாது என்று ரொசிட்டா தவித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய அப்பா.

சந்தியாகு கர்வாலோ பழைய துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை நின்று எண்ணிக் குறித்துக்கொள்ளும் வேலை. மனைவி போய்ச் சேர்ந்தபின் மகளைத் தனியாளாக வளர்த்தவர். மூன்று வருடங்களாகச் சிறுநீரகம் இரண்டும் ஓய்வு கேட்டுவிட, வாரத்துக்கு மூன்று நாள் பாளையங்கோட்டை சாலையில் இருக்கும் டயாலிசிஸ் நிலையத்தில் நாலு மணி நேரம் படுத்திருந்துவிட்டு வருவார். காலையில் கொண்டுபோய் விடுவதும் மதியம் மூன்றரைக்கு அழைத்து வருவதும் ரொசிட்டா. இயந்திரத்திலிருந்து இறங்கும்போது அவருக்குக் கால் தள்ளாடும், அதனால் தனியாக எங்கும் போக முடியாது.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி பாட்டைப் பதிந்தார்கள். மக்ரூன் சுடும் பேக்கரிக்கு மேல்மாடியில் உள்ள அறைதான் அவர்கள் பதிவுக்கூடம். உப்புமூட்டைக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, பட்டை கட்டியபின் பாடுவது ஒரே தடவைதான், சரியோ தப்போ அதுதான் பாட்டு. இரண்டாம் முறை பாடினால் முதல் முறையைப் பற்றிய கவலை ஏறிவிடும். இன்னொன்று, மூவருடைய போனையும் இசக்கிராஜாவின் அம்மா கொடுத்த முறுக்கு டின்னில் போட்டு மூடி, பக்கத்து அறையில் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவது. பக்கத்தில் போன் அதிர்ந்தால் பட்டையில் கீறல் விழும்.

அன்று மூன்றரையிலிருந்து டின்னுக்குள் அப்பாவின் அழைப்பு ஏழு முறை அதிர்ந்து ஓய்ந்தது. ரொசிட்டா ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு பட்டை கட்டிப் பாடினாள். பாடி முடித்து, மூவரும் சூடான மக்ரூன் வாங்கித் தின்று, மைதீன் தட்டிய தாளத்துக்கு மொட்டைமாடியில் கைவீசி நடந்து, ஐந்தே கால் மணிக்கு டின்னைத் திறந்தபோதுதான் அவளுக்கு அப்பா என்று ஒருவர் இருப்பதே நினைவுக்கு வந்தது. சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நாள் மாறவில்லை, நேரம் மாறவில்லை, உடம்பு சரியில்லாமலும் இல்லை. சுத்தமாக மறந்துபோனாள்.

நிலையத்து வாசலில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் அவர் ஊசி குத்திய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேற்கு வெயில் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

“வண்டி சார்ஜ் இறங்கிருச்சுப்பா” என்றாள்.

“அதுக்கென்ன செய்ய. வண்டின்னா இறங்கத்தான் செய்யும்” என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

பொய் அதோடு போயிருக்கும். ஆனால் போலித் தடங்களைத் தடுப்பதற்காக, ஒவ்வொரு மனத்தடத்தின் முகப்பிலும் பாடிய நாளும் நேரமும் இருக்க வேண்டும் என்பது சட்டம். ‘சும்மா ஒரு சுத்து’ முகப்பில் ‘பிப்ரவரி 12, மாலை 4.10’ என்று பளிச்சென்று இருந்தது. அப்பா ஒருமுறை செவிப்பூவை ஒட்டினால் போதும். அவர் பெஞ்சில் காய்ந்த நேரத்தில் மகள் எவ்வளவு லேசாக இருந்தாள் என்பது, யாரும் சொல்லாமலே அவர் மனத்துக்குள் இறங்கிவிடும்.

அதனால் டயாலிசிஸ் நோயாளிகள் செவிப்பூ ஒட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதாக ஒரு கதையைக் கட்டினாள். நிலையத்தில் எல்லா நாற்காலிகளிலும் செவிப்பூ வந்தபோது, கோமதி சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, “அப்பாக்கு மட்டும் வேண்டாம் சிஸ்டர்” என்று கேட்டுக்கொண்டாள். அந்தப் பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு ஒருநாள்கூட அவள் தாமதமாகப் போனதில்லை. மூன்றரைக்கு என்றால் மூன்று மணிக்கே பெஞ்சில் இருப்பாள்.

ஜூலையில் சென்னையிலிருந்து வத்சலா வந்தாள். பாட்டை வெளியிட்ட நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் வேலை. கண்ணாடியும் கைப்பையுமாகப் படியேறி வந்து, மக்ரூன் வாசனையைப் பாராட்டிவிட்டு, சுவரில் ஒரு வரைபடத்தை விரித்தாள்.

“ரொசிட்டா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? நிறைய பேர்கிட்டேருந்து புகார் வந்திருக்கு. பாட்டு கேட்டதும் ஒரு டீச்சர் ஸ்கூல் வாசல்ல நின்ன சொந்தப் பையனைத் தாண்டி நடந்து போயிருக்காங்க. ஒருத்தர் மனைவியை பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டார். பாட்டு முடிஞ்சதும் சரியாயிடுது. ஆனா ஏன்னு தெரியணும் இல்லையா, அதான் பிரிச்சுப் பார்த்தோம்.”

வரைபடத்தில் பல நிறக் கோடுகள் மேலும் கீழுமாகப் போயின. எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லிய சாம்பல் கோடு ஒன்று நேராக ஓடியது.

“இதை அடிநூல்னு சொல்றோம். சிரிச்சாலும் அழுதாலும் தூங்கினாலும் இது ஓடிக்கிட்டே இருக்கும். மனுஷன்னா யாரையாவது நினைச்சுக் கவலைப்பட்டுக்கிட்டே இருக்கான், அவனுக்கே தெரியாம. இதுவரைக்கும் பதிஞ்ச எல்லாப் பாட்டுலயும் இது இருக்கு. இதுல மட்டும் இல்லை.” அவள் விரல் வைத்த இடத்தில் சாம்பல் கோடு அறுந்து, இரண்டு நிமிடம் நாற்பது விநாடிக்கு வெறும் வெள்ளையாக இருந்தது. “அந்தப் பாட்டுல சந்தோஷம்னு தனியா ஒண்ணும் இல்லை ரொசிட்டா. ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான். கேக்கறவங்களுக்கும் அதேதான் நடக்குது. அவங்கவங்க ஆள் காணாமப் போயிடறாங்க. உங்களுக்கு அன்னிக்கு யாரு?”

இசக்கிராஜா கிதாரை மடியிலிருந்து இறக்கி வைத்தான். மைதீன் ஜன்னல் பக்கம் பார்த்தான். ரொசிட்டா சொன்னாள், எதையும் விடாமல், மக்ரூன் தின்றது வரைக்கும் சொன்னாள்.

வத்சலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு தயங்கித் தயங்கித் தன் வேலையைச் செய்தாள். “நிறுவனம் இரண்டாவது பாட்டு கேக்குது. இதே மாதிரி. மறுபடி ஒரு தடவை அப்படி மறக்க முடியுமான்னு…”

“நாள் குறிச்சு மறக்கச் சொல்லுதீங்களா?” என்றான் இசக்கிராஜா.

“கேக்கச் சொன்னாங்க, கேட்டுட்டேன். எனக்கே வெக்கமாத்தான் இருக்கு.” அவள் வரைபடத்தைச் சுருட்டினாள். “இன்னொண்ணு. வர்ற புதன்கிழமை இந்த ஆய்வு பத்திரிகைகளுக்குப் போகுது. உங்க பேர் போட மாட்டோம். ஆனா பாடினவங்க யாரையோ மறந்த நேரம்னு வரும். பாட்டு வெளியில இருக்கிறவரைக்கும் என்னால அதை நிறுத்த முடியாது. பாட்டையே திரும்ப எடுத்துட்டீங்கன்னா ஆய்வும் வெளிய வராது. மனத்தடம் பாடினவங்களோட சொத்து, கைரேகை வச்சாப் போதும்.”

சந்தியாகு பத்திரிகையில் ஏல அறிவிப்புகளைக்கூட விடாமல் படிக்கிறவர். வத்சலா படியிறங்கிப் போனதும் மைதீன் முறுக்கு டின்னை எடுத்து வந்து நடுவில் வைத்தான்.

“டின்னை மூடுனது நாந்தான” என்றான் மைதீன்.

“டின்னா மறந்துச்சு? நாந்தான மறந்தேன்.”

“எடுத்துரு ரோசி” என்றான் இசக்கிராஜா. அவன் எழுதி வெளியே தெரிந்த ஒரே பாட்டு அதுதான். இனி இன்னொன்று அமையுமா என்பதும் தெரியாது. “பாட்டு என்ன, இன்னொண்ணு எழுதிக்கிடலாம். அப்பாக்கு நீதான போயிச் சொல்லணும், பேப்பர்காரன் சொல்லக்கூடாதுலா.”

செவ்வாய்க்கிழமை அவள் இரண்டரை மணிக்கே நிலையத்துக்குப் போனாள். கைரேகைத் தட்டு பைக்குள் இருந்தது. அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, அவர் எதிரிலேயே விரலை வைத்துவிடுவதாகத் திட்டம். பெஞ்சில் உட்காரப் பிடிக்காமல், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆறு நாற்காலிகள், ஆறு இயந்திரங்கள். ஆறு பேருடைய கால்களும் ஒரே தாளத்தில் ஆடிக்கொண்டிருந்தன. ஜன்னலோரத்து நாற்காலியில் அப்பா. அவர் காதுக்குப் பின்னால் செவிப்பூ இருந்தது.

ரொசிட்டா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகம் அவளுக்குப் பழக்கமில்லாதது. புருவங்களுக்கு நடுவில் எப்போதும் இருக்கும் இரண்டு கோடுகளைக் காணவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. கல்யாணத்துக்கு முந்தைய ஒரு புகைப்படத்தில், துறைமுகச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு இந்த முகம் இருந்தது. அவர் திரும்பி அவளைப் பார்த்தார். யாரோ ஒரு பெண் வந்து நிற்கிறாள் என்று பார்ப்பதுபோல் இதமாகப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் தன்னைத் தெரிந்துகொண்டுவிடுவாரோ என்று ஐந்து மாதம் பயந்தவளுக்கு, அவர் தெரிந்துகொள்ளாதது நெஞ்சில் குத்தியது.

அப்போதுதான் இயந்திரம் கூவ ஆரம்பித்தது. மேலே சிவப்பு விளக்கு சுழன்றது. பாட்டுக்குத் தாளம் போட்ட சந்தியாகு, வீசக்கூடாத கையையும் வீசியிருந்தார். ரத்தம் போகும் குழாய் முழங்கையடியில் மடங்கி நசுங்கிக் கிடந்தது. ஓட்டம் தடைப்பட்டதும் இயந்திரம் தானாக நின்று ஆளைக் கூப்பிடும். கூப்பிட்டும் யாரும் வராவிட்டால், வெளியே குழாயில் இருக்கும் ரத்தம் சற்று நேரத்தில் உறைய ஆரம்பிக்கும்.

“சிஸ்டர்” என்று ரொசிட்டா கூப்பிட்டாள்.

கோமதி சிஸ்டர் மேஜையில் உட்கார்ந்து புன்னகையோடு விரலால் தாளம் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதுக்குப் பின்னாலும் செவிப்பூ. மற்ற ஐந்து நோயாளிகளும் சிவப்பு விளக்கைத் திருவிழா சீரியல் பல்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். சந்தியாகுவும் பார்த்தார். அது யாருடைய ரத்தம் என்பதில் அவருக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

ரொசிட்டா ஓடிப்போய் சிஸ்டரின் செவிப்பூவைப் பிய்த்தெடுத்தாள். ஒரு கணம் ஒன்றும் புரியாமல் விழித்த கோமதி, மறுகணம் பாய்ந்து வந்து சந்தியாகுவின் கையை நிமிர்த்திக் குழாயை நேராக்கினாள். பொத்தானை அழுத்தியதும் இயந்திரம் ஒரு முறை முனகிவிட்டுச் சுழலத் தொடங்கியது. கூவல் நின்றது.

“என்னைய மன்னிச்சிரும்மா” என்றாள் கோமதி. “வீட்டுல பிள்ளைக்கு மூணு நாளா காய்ச்சல். காலைலருந்து அதே நெனப்பு. ஒரு ரெண்டு நிமிசந்தானன்னு ஒட்டுனேன்.”

ரொசிட்டாவால் அவளைத் திட்ட முடியவில்லை.

பாட்டு முடிந்தது. கால்கள் ஒவ்வொன்றாக நின்றன. சந்தியாகுவின் புருவங்களுக்கு நடுவில் முதலில் ஒரு கோடு விழுந்தது, பிறகு இன்னொன்று. அவர் தலையைத் திருப்பி மகளைத் தேடினார்.

“சாப்ட்டியாட்டி?” என்றார்.

அவள் அழுதுவிட்டாள். கோமதி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போனாள்.

“இத ஒட்டக்கூடாதுன்னு சொன்னேன்லாப்பா.”

“டாக்டர்கிட்ட நானே கேட்டேன். அவரு அப்படி எதுவும் சொல்லலைன்னுட்டாரு. மொத மாசத்துலருந்தே கேக்குதேன்.”

“மேல தேதி போட்டிருந்துச்சே.”

“நாப்பது வருசம் கப்பல்ல மூட்டை எண்ணுனவன்ட்டி. தேதி பாக்காம எதையும் கையில வாங்க மாட்டேன்.” அவர் சிரித்தார். “அன்னைக்கு வண்டியில முக்கால்வாசி சார்ஜ் இருந்துச்சு. பின்னால உக்காந்து வந்தவனுக்கு முள்ளு தெரியாதாக்கும்.”

“கோவமே வரலையா?”

“வராம என்ன. வெயிலு சுள்ளுன்னு அடிக்கி, தலை சுத்துது. இங்க கூட்டுற ஆயாம்மா அர டம்ளர் டீ குடுத்தா, அதக்கூட அளந்துதான குடிக்கணும். என் பிள்ளைக்கு என்ன ஆச்சோன்னு ஒரு பக்கம் பயம், வரட்டும் வச்சுக்கிடுதேன்னு ஒரு பக்கம் கோவம். ரெண்டு வாரம் மனசுல இருந்துச்சு. பாட்டைக் கேட்டதும் போயிருச்சு.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “நீ பொறந்ததுலருந்து உன்னைய நினைக்காம நான் இருந்ததே இல்ல. எனக்குப் பொறவு நீ என்ன செய்வ, எங்க போவன்னு ஓடிக்கிட்டே இருக்கும். அது பாரம்னே எனக்குத் தெரியாது. இறக்கி வச்சப்பதான் தெரிஞ்சுது.”

“அப்ப நான் பாரமாப்பா?”

“ஆமா” என்றார் அவர், நேராக. “நான் உனக்கு இல்லையா?”

அவள் இல்லை என்று சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார், அவர்தான் அவள் மனத்துக்குள் போய்விட்டு வந்தவராயிற்றே.

“அதுக்குப் போயி ஏன் அழுத? இறக்கி வச்சா மூட்டை அங்கதான இருக்கு. திரும்பத் தூக்கிக்கிடலாம். தூக்காமலா போயிட்ட? அஞ்சு மாசமா அர மணிக்கூறு முன்னாலயே வந்து வெளிய உக்காந்திருக்க. ஜன்னல்ல தெரியும்.”

அவள் பையிலிருந்து கைரேகைத் தட்டை எடுத்தாள். “பாட்டை எடுத்துரலாம்னு வந்தேன்.”

“எடுக்காத. எனக்கு அது வேணும்.”

“இப்ப என்ன நடந்துச்சுன்னு தெரியுமாப்பா? மிசினு கத்துது, ஆறு பேரும் வேடிக்கை பாக்குதீங்க.”

அவர் இயந்திரத்தையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார். டாலி கிளார்க்கின் முகம் வந்துவிட்டது. “அப்ப ஒரு ஆளைப் போடணும். சரக்கு இறங்கும்போது எல்லாரும் மூட்டை தூக்கப் போயிர மாட்டோம்லா. ஒருத்தன் எதையும் தொடாம நின்னு பாத்துக்கிட்டே இருக்கணும். அவன் இருந்தாத்தான் மத்தவன் நிம்மதியாத் தூக்க முடியும்.”

அவர் தன் காதிலிருந்த செவிப்பூவைக் கழற்றி அவள் காதில் ஒட்டினார். “நீ இத ஒரு தடவையாவது கேட்டிருக்கியா?”

கேட்டதில்லை. தன் மனத்தடத்தைத் தானே கேட்பது பாடகர்களிடம் வழக்கமில்லை. கிதார் தொடங்கியது. பைய வச்சிட்டு வா என்று அவள் குரலே அவளைக் கூப்பிட்டது. ரொசிட்டா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். வரைபடத்தில் அடிநூல் அறுந்து கிடந்த நேரம் இதுதான். அந்த வெள்ளை இடத்தில் அவளுக்கு ஒரு சிமெண்ட் பெஞ்சு தெரிந்தது, மேற்கு வெயில் தெரிந்தது, மடியில் வைத்த கை தெரிந்தது. இரண்டு நிமிடம் நாற்பது விநாடியும் அது நகரவே இல்லை.

நாட்டிலேயே அந்தப் பாட்டு வேலை செய்யாத ஒரே ஆள் அவள்தான் என்று பின்னர் வத்சலா சோதித்துச் சொன்னாள். ஆய்வு புதன்கிழமை வெளிவந்தது. கூடவே, டயாலிசிஸ் நிலையத்தில் நடந்ததை ரொசிட்டா தன் பெயரைப் போட்டே எழுதினாள். பாட்டைத் திரும்ப எடுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்: ‘சும்மா ஒரு சுத்து’ ஒலிக்கும் இடத்தில் அதைச் செவிப்பூவில் கேட்காத ஒருவர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கைரேகை வைத்துவிடுவாள். நிறுவனம் முதலில் முறைத்தது. இரண்டு மாதத்தில் அரசே அதைச் சட்டமாக்கிவிட்டது.

பல் மருத்துவமனையில் ஒருவர், பள்ளியில் ஒருவர், பேருந்துக்கு ஒருவர். அரசாணையில் அவர்களுக்குச் ‘செவிநேரக் கண்காணிப்பாளர்’ என்று பெயர். மக்கள் கவலைக்காரர் என்கிறார்கள். மற்றவர்கள் கைவீசுகிற நேரத்தில் அவர்களுக்கெல்லாம் சேர்த்து இவர் கவலைப்பட வேண்டும், வேலை அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கிறது, ஆள்தான் கிடைக்கவில்லை. செவிப்பூ இல்லாமல் வெறும் ஒலியைக் கேட்டே கால் ஆட்டுகிறவர்கள் முதல் நாளிலேயே கழிக்கப்பட்டார்கள்.

உப்புமூட்டை இரண்டாவது பாட்டையும் பதிந்தது. இசக்கிராஜா முன்னதைவிடத் துள்ளலாக எழுதியிருந்தான், மைதீன் புதிதாக ஒரு எண்ணெய் டின்னைக் கண்டுபிடித்திருந்தான். ரொசிட்டா போனை டின்னில் போட்டாள். ஒரே தடவை பாடினாள். கவலைமானி தொண்ணூற்று ஒன்று காட்டியது. நிறுவனம் அதை வெளியிட மறுத்துவிட்டது. கவலைக்காரர் பயிற்சி மையங்கள் விரும்பி வாங்கிக்கொண்டன. பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் காலையில் மூன்று முறை அதைப் போடுகிறார்களாம். கேட்டவர்கள் எழுந்துபோய் வீட்டுக்குப் போன் செய்துவிட்டு வந்துதான் வகுப்பில் உட்காருகிறார்கள்.

பாளையங்கோட்டை சாலை நிலையத்துக்குக் கவலைக்காரியாக ரொசிட்டாவையே போட்டார்கள். தேர்வு வைக்கவில்லை. சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லையில் எண் ஒன்று என்று இருக்கும். வாரம் மூன்று நாள், பாட்டு போடும் நேரத்தில், ஆறு நாற்காலிகளுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். கோமதி சிஸ்டரும் தயங்காமல் ஒட்டிக்கொள்வாள். ஆறு குழாய்கள், ஆறு விளக்குகள், ஒரு கோமதி என்று ரொசிட்டாவின் கண் சுற்றிச் சுற்றி வரும். கடைசியில் ஜன்னலோரத்துக்கு வந்து நிற்கும். துறைமுகச் சுவர்மேல் உட்கார்ந்த அந்த இளைஞனை, வாரம் மூன்று முறை, அவள் மட்டும் பார்க்கிறாள்.

பாட்டு முடியும். ஒரு கோடு விழும், இன்னொரு கோடு விழும். அவர் தலையைத் திருப்பித் தேடுவார்.

“சாப்ட்டியாட்டி?”

வரும்போதே அவள் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவாள்.

“இன்னும் இல்லப்பா” என்பாள்.